நான்காவது வரியில் நின்றவள்

கணக்கு டீச்சராகி 22 வருடம் ஆகிறது. டீச்சரிடம் நல்ல பேர் வாங்குவது எப்படி என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முன் பெஞ்சில் உட்கார், பார்த்த இடத்தில் வணக்கம் சொல், கேள்வி கேட்டால் முதல் ஆளாகக் கையைத் தூக்கு. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளாகச் சொல்கிறேன், யார் யார் வணக்கம் சொன்னார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. வகுப்புக்கு நாற்பது பேர், நாளுக்கு ஐந்து வகுப்பு. அத்தனை வணக்கத்தில் எது யாருடையது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மனசில் தங்கிப்போனவர்கள் வேறு ரகம். அவர்களில் முதல் ஆள் என்னோடு கிட்டத்தட்ட சண்டைக்கே வந்தவள்.

அன்று இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 6 எக்ஸ் பிளஸ் 5, சமம் பூஜ்ஜியம். இரண்டாவது வரியில் இருபுறமும் 4 கூட்டி, மூன்றாவது வரியில் அதை வர்க்கமாக்கினேன்: எக்ஸ் மைனஸ் 3, முழுவதும் ஸ்கொயர், சமம் 4. நான்காவது வரியில் ரூட் எடுத்து, எக்ஸ் மைனஸ் 3 சமம் பிளஸ் ஆர் மைனஸ் 2 என்று எழுதினேன். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிஸ், ரூட் 4-னா 2 மட்டும்தான், மைனஸ் 2 எழுதினா மார்க் போச்சுன்னு நேத்து சொன்னீங்க. இன்னைக்கு நீங்களே பிளஸ் ஆர் மைனஸ் போடுறீங்க."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "அது வேற, இது வேற. உட்காரு" என்றேன். எதனால் வேறு என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். பத்து வருடமாக அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

மாலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டது தப்புன்னா சாரி. ஆனா எனக்கு இன்னும் புரியல. மூணாவது வரி வரைக்கும் நானே போட்டுப் பார்த்தேன், சரியா வருது. நாலாவது வரியிலதான் நிக்கிறேன்." நோட்டைத் திறந்து காட்டினாள். நீல மையில் மூன்று வரி. நான்காவதில் வெறும் 2, அதற்கு முன்னால் பென்சிலில் ஒரு சின்ன மைனஸ், அதை அழித்த தடம், திரும்பப் போட்ட தடம், மறுபடி அழித்த தடம். அந்த இடத்தில் தாளே நைந்திருந்தது.

அந்த நைந்த இடத்தைப் பார்த்த பிறகு கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது? "நாளைக்குச் சொல்றேம்மா, நானும் கொஞ்சம் யோசிக்கணும்" என்றேன். ஒரு மாணவியிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் சின்னதாகத்தான் இருந்தது. ரூட் என்ற குறி ஒருபோதும் மைனஸ் விடையைத் தராது. ஆகவே ரூட் 4 என்றால் 2, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றை வர்க்கமாக்கி அதற்கு ரூட் எடுத்தால் பழையபடி அதுவே கிடைப்பதில்லை, அதன் மட்டு மதிப்புதான், அதாவது பிளஸா மைனஸா என்று பார்க்காத வெறும் அளவுதான் கிடைக்கிறது. எக்ஸ் மைனஸ் 3-இன் மட்டு மதிப்பு 2 என்றால், உள்ளே இருப்பது 2 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 2 ஆகவும் இருக்கலாம். பிளஸ் ஆர் மைனஸ் ரூட்டிலிருந்து வரவில்லை, மட்டிலிருந்து வருகிறது. நடுவில் ஒரு வரியை நான் வருடக்கணக்காக விழுங்கியிருக்கிறேன். மறுநாள் அந்த வரியைப் போர்டில் எழுதி, "இது நேத்து கேள்வி கேட்டவளுக்காக" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே ஏதோ ஒன்று ஏற்பட்டது என்றால் அது இதற்கடுத்த வாரம்தான். மறுபடி ஸ்டாஃப் ரூம் வாசல். "மிஸ், நீங்க சொன்னதை ரெண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்திக்குப் புரிஞ்சுது. இன்னொருத்தி, அப்போ வர்க்கம் மைனஸ் 4-னு வந்தா என்ன பண்றதுன்னு கேக்குறா." சந்தேகம் கேட்டுப் போனவர்கள் நூறு பேர் இருப்பார்கள். போன பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நன்னூலில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் எவ்வளவுதான் நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். கல்லூரியில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். கால் பங்குதான் என் கையில் இருக்கிறது என்பது வேலைக்கு வந்த பிறகே உறைத்தது. மிச்ச முக்கால் பங்கு என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று யாராவது வந்து சொன்னால் ஒழிய எனக்கு வழியில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. டீச்சர் வேலை பாதி நேரம் இருட்டில் பார்க்கும் வேலை. நாற்பது முகம் தலையாட்டும். ஆட்டிய தலைக்குள் என்ன போனது என்று பரீட்சைத் தாள் வரும்வரை தெரியாது. அப்போது தெரிந்து என்ன பயன், பாடம் நாலு அத்தியாயம் தள்ளிப் போயிருக்கும். எந்த வரியில் வண்டி நின்றது என்று விரல் வைத்துக் காட்டுகிற பிள்ளை எனக்குத்தான் உதவி செய்கிறது. "மிஸ், எதுவுமே புரியல" என்று வருகிறவர்களிடமும் கோபப்படுவதில்லை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் தெரியாமல் போகிறது. முதலிலிருந்தே சொல்வேன். அது மறுபடி அதே இடத்தில் நிற்கும். அரைகுறையாகவாவது போட்டுப் பார்த்த ஒரு தாள் கையில் இருந்தால் அஞ்சு நிமிடத்தில் முடிகிற விஷயம்.

வீட்டுப்பாடம் பற்றி ஒன்றே ஒன்று. முடிக்க முடியவில்லை என்றால் கேட்பதற்கு முன்னால் வந்து சொல்லிவிடுங்கள். முன்னால் சொன்னால் காரணம், பின்னால் சொன்னால் சாக்கு. இரண்டிலும் வார்த்தைகள் ஒன்றாகவே இருக்கும், காதில் விழுவது வேறு. நான் மாணவியாக இருந்தபோது எழுதாத ஒரு ரெக்கார்டு நோட்டை மறைக்கப் போய், இயற்பியல் டீச்சர் வரும் வராந்தாவையே ஒரு மாதம் தவிர்த்துச் சுற்றி நடந்தேன். அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஆகாமல் போனது டீச்சர் மட்டுமல்ல, இயற்பியலும்தான்.

டீச்சர்கள் மனசில் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் விழுந்துவிடும், அதுவும் முதல் மூன்று நான்கு வாரத்திலேயே. இவன் சூட்டிகை, இவள் அலட்சியம், இவன் தேறமாட்டான். இல்லை என்று சொல்லும் டீச்சரை நான் நம்பமாட்டேன். 1968இல் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வு எங்கள் பயிற்சிக் காலத்தில் பாடமாகவே இருந்தது. சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, இவர்கள் இந்த வருடம் நன்றாக மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. வருட முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை (ஐ.க்யூ.) மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. அந்தக் கூடுதல் எவ்வளவு, எல்லா இடத்திலும் அப்படி நடக்குமா என்பதில் பிறகு நிறைய சர்ச்சை எழுந்தது. ஆனால் படம் விழுவதும், விழுந்த படத்துக்கு ஏற்றபடி நாம் நடந்துகொள்வதும் பொய்யில்லை. தேறமாட்டான் என்று நினைத்தவனிடம் நான் சுலபமான கேள்வியாகக் கேட்பேன், பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டேன்.

அப்படி நான் தப்பாகப் படம் பிடித்து வைத்திருந்தவன் ஒருவன். நான் பேசும்போது நிமிர்ந்தே பார்க்கமாட்டான். நோட்டுக்குள் தலை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று, "தெரியாது மிஸ்." திமிர் என்று முடிவு கட்டி, அவனைக் கேட்பதையே விட்டுவிட்டேன். இரண்டாம் பருவத்தில் ஒருநாள் மணி அடித்தும் போகாமல் நின்றான்.

"என்னடா?"

"மிஸ், நீங்க எழுதிக்கிட்டே பேசுறீங்க. எழுதுறதா கேக்குறதான்னு தெரியல. நீங்க அழிக்கிறதுக்குள்ள எழுதிடணும்னு எழுதிடுறேன். அதனால சொன்னது காதுல விழல."

இதைச் சொல்லும்போதும் அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தே சொன்னான். எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தானோ. கவனித்துப் பாருங்கள், "நீங்க நடத்துறது புரியல" என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு முள்ளாகக் குத்தியிருக்கும். தனக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொன்னான். எல்லாரும் போன பிறகு வந்து சொன்னான்.

"தெரியாது" என்பானே, அதைப் பற்றியும் கேட்டேன். "யோசிச்சுக்கிட்டு இருப்பேன் மிஸ், அதுக்குள்ள அடுத்தவங்களைக் கேட்டுடுவீங்க. அதான் முதல்லயே தெரியாதுன்னு சொல்லிடுறது." வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்பவர் 1970களிலேயே சொன்னது இதுதான். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூட முழுதாகக் காத்திருப்பதில்லை. அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீளமாக வருகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். நான் படித்துத் தேர்வெழுதிய விஷயம் இது. என்னைப் பற்றியது என்று ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்தது. "இனிமே தெரியாதுன்னு சொல்லாதே, யோசிக்கிறேன் மிஸ்னு சொல்லு, நான் காத்திருக்கேன்" என்றேன். ஒப்பந்தம் இரண்டு பக்கமும் ஓரளவு காப்பாற்றப்பட்டது.

நெருக்கம் என்றால் எவ்வளவு என்ற கேள்வி வரும். நன்னூலே இதற்கும் ஓர் உவமை வைத்திருக்கிறது: அழலின் நீங்கான் அணுகான். குளிர் காய்கிறவன் நெருப்பை விட்டு ரொம்பத் தள்ளியும் போவதில்லை, ஒட்டிப்போய் உட்காருவதும் இல்லை. அன்றைக்கு அது பயத்தையும் பணிவையும் பற்றிச் சொன்னது. இன்றைக்கு எனக்கு அது வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்வது போல் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு "மிஸ் டவுட்" என்று வரும் செய்திக்கு மறுநாள் காலைதான் பதில் போடுவேன். அப்படிப் போடுவதால் யாரும் விலகிப் போனதில்லை. அதேபோல, பிள்ளையின் வீட்டு விஷயம் அவர்களாகச் சொன்னால் கேட்பேன், நானாகத் தோண்டமாட்டேன். டீச்சர் தோழி இல்லை. தோழிகள் நோட்டில் சிவப்பு மையால் எழுதமாட்டார்கள்.

எல்லா டீச்சரிடமும் இது நடக்குமா? நடக்காது. எங்கள் கூட்டத்திலும் கேள்வி கேட்டவனை வருடம் முழுக்கப் பழிவாங்குகிறவர்கள் உண்டு, பிள்ளைகளை அவமானப்படுத்தியே வகுப்பை நடத்துகிறவர்கள் உண்டு. அங்கே உறவை வளர்க்கும் பொறுப்பை மாணவன் தலையில் கட்டுவது அநியாயம். நம்பிக்கையான வேறு பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்வதுதான் வழி, எல்லை மீறி நடந்தால் அன்றைக்கே சொல்லவேண்டும். என் நாற்காலியில் இருந்துகொண்டு அறிவுரை சொல்வது சுலபம் என்பதும் தெரியும். "உட்காரு" என்று நான் கத்திய பிறகும் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் வரை வந்தாள் என்றால் அது அவள் மனசு. வராமல் போயிருந்தால் குற்றம் என்னுடையதுதான், அவளுடையது இல்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பிறகு எழுதும்போது வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, திரும்பி நின்று, பிறகு பேசுவது. சொல்ல எளிது, பத்து வருடப் பழக்கம் லேசில் போகுமா? எழுதிக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவேன். அவனிடமே சொன்னேன், "மறந்துட்டா ஞாபகப்படுத்துடா." எல்லார் முன்னாலும் எப்படி ஞாபகப்படுத்துவான் பாவம்? ஒரு இருமல் இருமுவான். தொண்டை கட்டாத இருமல், எனக்கு மட்டும் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் படித்து முடித்துப் போய் வருடங்கள் ஆகின்றன. போன மாதம் போர்டில் எழுதிக்கொண்டே ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு இருமல். திரும்பிப் பார்த்தால் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், அவனுக்கு என்ன உறவோ, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.