அப்பா வந்தார், அம்மா வந்தாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக் போக மாத நாவல்களும் வரும். பிழை பார்க்கிறவருக்குக் கதை எதற்கு என்பார்கள். ஆனால் வினைமுற்றைப் பார்க்காமல் புரூஃப் ஏது? எனக்கு உறுத்தியது அங்கேதான்.

நாயகன் வந்தான், நாயகி வந்தாள். இதில் குறையில்லை. வயதோ பதவியோ கூடும்போதுதான் வழி பிரிகிறது. அப்பா 'செருமினார்', அம்மா 'கண்ணைத் துடைத்துக்கொண்டாள்'. டாக்டர் ஆண் என்றால் 'சொன்னார்', பெண் என்றால் 'சொன்னாள்'. பலர்பாலிலிருந்து மரியாதைக்கு வந்த 'ஆர்' விகுதி இருபாலாருக்கும் பொதுவானது. இலக்கணம் தடுக்கவில்லை, எழுதுகிற கைதான் தடுக்கிறது. 2017-இல் சேலத்தின் முதல் பெண் கலெக்டராக ரோகிணி பாஜிபாகரே வந்தபோது நாளிதழ்கள் 'பொறுப்பேற்றார்' என்றுதான் எழுதின. கதைக்குள் வரும் பெண் கலெக்டர் மட்டும் ஏன் 'பொறுப்பேற்றாள்'?

பேச்சைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். அவன் அதட்டுவான், உறுமுவான். அவள் சிணுங்குவாள், விம்முவாள், பொரிந்து தள்ளுவாள். ஒரு பெண் வெறுமனே 'சொன்னாள்' என்று வரும் பக்கத்தைத் தேடவேண்டியிருக்கிறது.

அப்புறம் கொலுசு. நாயகி வருவதற்கு முன்னால் கொலுசுச் சத்தம் வந்துவிடும். எங்கள் அச்சகத்தைச் சுற்றி வெள்ளிப் பட்டறைகள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீடுகளிலேயே கொலுசு வேலை நடக்கிறது. அதில் பெண்கள் நிறையப் பேர். நெருப்பில் பற்றவைத்து, கண் எரிய மணி கோத்துக் கூலி வாங்குகிற ஒரு நாயகி இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. வந்தால் எவ்வளவு நல்ல கதையாக இருக்கும்!

சில இடங்களில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். ஓர் எழுத்தாளர் போனில் கேட்டார்: "அம்மாவ 'அவர்'னு எழுதுனா அந்நியமா இருக்காதுங்களா? 'வந்தா'ன்னு சொல்றதுலதானே பாசம் இருக்கு?" நியாயமான கேள்வி. மகன் வாயால் வரும்போது அது பாசம்தான், நான் தொடமாட்டேன். ஆனால் கதை சொல்கிறவர் அந்த அம்மாவுக்கு மகன் இல்லையே. அப்பாவிடம் மட்டும் பாசம் குறைந்தா 'வந்தார்' என்று எழுதுகிறார்? இதைச் சொன்னதும் கொஞ்சநேரம் யோசித்தார், "பாக்கறேங்க" என்றார்.

இந்த மாதம் அவர் அனுப்பிய நாவலில் தலைமையாசிரியை 'எழுந்து நின்றார்'. மாமியார் இன்னும் 'வந்தாள்'தான். அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.