ராதாபுரத்துக் காற்றும் ஒரு தோல் வாஷரும்

வள்ளியூரில் இறங்கி ராதாபுரம் பஸ்ஸைப் பிடித்தபோது காலை எட்டு மணி. பங்குனி மாதம்; பனை ஓலைகூட அசையவில்லை. அதற்காகவே அந்த மாதத்தில் கிளம்பினோம். வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பாயத் தொடங்கிவிடும். புரட்டாசி வரை காற்றாடி டவரின் உச்சியில் நின்று ஸ்பேனர் பிடிக்க முடியாது.

பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாதான் என்னை அழைத்துப் போனார். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாடிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது எனக்குச் சில ஆண்டுகளாகவே பழக்கம். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பூட்டும் வேலையில் கைவைப்பது இதுதான் முதல் தடவை.

காற்றாடிக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியின் தோட்டம் ஊருக்குத் தெற்கே, தேரி எனப்படும் செம்மணல் மேடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை 1980களில் மானியத்தில் வாங்கி நிறுத்திய இரண்டு காற்றாடிகளில் ஒன்று நிற்கிறது, மற்றொன்று முருங்கைகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கிறது. இரண்டும் 12 பியூ 500 வகை. 12 இறக்கை, 500 சென்டிமீட்டர் விட்டம் என்று பெயரிலேயே அளவு சொல்லும் இயந்திரம். பல்சக்கரப் பெட்டி கிடையாது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் ஒரு தடவை கம்பியைத் தூக்கி இறக்கும், கிணற்றுக்குள் பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே முழு இயக்கமும் புரிந்துவிடும். எனக்கு இவற்றின் மீது பிரியம் வந்ததே அதனால்தான்.

டவரில் ஏறியதும் சித்தப்பா செய்த முதல் வேலை, சக்கரத்தைக் கயிற்றால் சட்டத்தோடு இறுகக் கட்டியது. "காற்று இல்லை என்று நம்பி நிற்காதே. காற்றாடியின் தலை திரும்பினால் வால் வந்து அடித்துத் தள்ளிவிடும்" என்றார். தலை திரும்பும் வளையமோ துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, இரண்டு பேராகத் தோள் கொடுத்த பிறகுதான் முனகிக்கொண்டு அசைந்தது.

அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மின்சாரக் காற்றாலைகள். அவற்றுக்கு மூன்றே இறக்கை. வேகமாகச் சுற்றினால் போதும். பிஸ்டன் பம்புக்கோ தொடக்கத்திலேயே இழுவை வேண்டும். நீர்த்தம்பம் முழுவதையும் நின்ற நிலையிலிருந்து தூக்கியாக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை இறக்கைகள். 1854இல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே செய்த காற்றாடி, பலத்த காற்றில் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நம் காற்றாடியும் வேறொரு வழியில் அதையே செய்கிறது. காற்று மிஞ்சினால் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி, வாலை நோக்கி மடங்கிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகிவிடுமே, ஆடி மாதத்தில் வேறு எப்படித் தப்பிப்பது?

இந்தக் காற்றாடியில் அந்த மடங்கும் மூட்டும் இறுகிப்போயிருந்தது. பேரிங் ஒன்று பொடியாகியிருந்தது, நான்கு இறக்கைகள் நெளிந்திருந்தன. ஆனால் கோளாறு தொடங்கிய இடம் அதுவல்ல. கிணற்றுக்குள்ளிருந்து சிலிண்டரைத் தூக்கிப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. பிஸ்டனைச் சுற்றியிருக்க வேண்டிய கிண்ணம் போன்ற தோல் வாஷர், காய்ந்த புளியந்தோடு மாதிரி உதிர்ந்தது. தோல் தேய்ந்ததால் தண்ணீர் நின்றிருக்கிறது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்றானதும், வேறிடத்து ஆழ்குழாயில் மோட்டார் வைத்தாயிற்று, இதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாரமே இல்லாமல் சக்கரம் ஆடிக்கு ஆடி வெறிகொண்டு சுற்றி போல்ட்டுகளைத் தளர்த்தியிருக்கிறது, பேரிங்கைத் தின்றிருக்கிறது. கிணற்றடியில் தொடங்கிய சாவு மெல்ல மேலே ஏறியிருக்கிறது. உள்ளங்கை அகலத் தோலுக்காக ஓர் இயந்திரம் போய்விட்டதே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

சாய்ந்து கிடந்ததிலிருந்து எட்டு இறக்கைகள், கிராங்க் தட்டு, ஒரு பேரிங் கூடு ஆகியவற்றை எடுத்தோம். துத்தநாகப் பூச்சு போகாத இறக்கைகளைச் சுரண்டிப் பார்த்து ஒதுக்கி வைத்தோம். பேரிங் வள்ளியூரிலேயே கிடைத்தது. நாலு அங்குலத் தோல் வாஷர் எந்தக் கடையிலும் இல்லை.

அண்ணாச்சி எங்களைப் பக்கத்து ஊரில் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார். அந்தக் காலத்தில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் கூனைக்கு, அதாவது இறைக்கும் சாலுக்கு, தோல் வால் தைத்தவர். பழைய வாஷரின் துணுக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார், விரலால் மடக்கிப் பார்த்தார். "எருமைத் தோல்" என்றார். வட்டமாக வெட்டிய தோலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, சித்தப்பா கடைந்து கொடுத்த மர அச்சில் வைத்து, மேலே வளையம் போட்டுத் திருகி இறுக்கினார். தோல் மெல்ல மெல்லக் கிண்ணமாக வளைந்தது. இரண்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு ஓரத்தைச் சீவி, விளக்கெண்ணெயில் போட்டார். அந்தச் சீவலில் பிசிறே இல்லை. "கூனை போனதோடு இந்த வேலையும் போய்விட்டது என்று நினைத்தேன், தம்பி" என்றார். கூலி சொல்ல மறுத்துவிட்டார். அண்ணாச்சிதான் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தார்.

பூட்டிவிட்டு ஊர் திரும்பினோம். வைகாசி பத்துக்கு மேல் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. மறுநாளே போய் நின்றேன்.

சக்கரம் மேற்கே முகம் வைத்துச் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் துருநிறத் தண்ணீர் வந்ததாம். நான் போனபோது தெளிந்திருந்தது. கம்பி ஏறும்போதெல்லாம் குழாயிலிருந்து ஒரு லிட்டரை ஒட்டித் தண்ணீர் குபுக்கென்று விழுந்தது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 22 தடவை. மோட்டார் பாய்ச்சலுக்கு முன் இது சிறு ஒழுக்குத்தான். ஆனால் இந்தக் கிணற்றுக்கு மின் இணைப்பே இல்லை. இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அண்ணாச்சிக்கு, இரவும் பகலும் நிறையும் தொட்டி ஒன்று கிடைத்துவிட்டது. முருங்கைக்கு வாய்க்கால் வெட்டியிருந்தார். ஆடுகள் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டிருந்தன.

கிளம்பும்போது கிணற்றடிக் கொட்டகைக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். பெரியவரிடம் சொல்லி இன்னும் இரண்டு வாஷர் செய்து வாங்கி, விளக்கெண்ணெய் நிரப்பிய டப்பாவில் மூழ்க வைத்திருந்தார். மூடியில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: அடுத்த பங்குனி.