மீட்டரைத் திருகினால் டிரான்சிஸ்டர் மாறுமா?

போன வாரம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு கிராஃப் தாள்களை நீட்டினாள். "சார், ஒரே ஐசி, ஒரே சப்ளை. மீட்டர் ரேஞ்சை மட்டும்தான் மாத்தினேன். ரெண்டும் வேற வேற டிரான்சிஸ்டர் மாதிரி வருது."

ஐசி, சிடி4007, மாஸ் டிரான்சிஸ்டர்கள் அடங்கிய சிப். அதன் 6, 7, 8ஆம் கால்கள் ஒரு என்-மாஸ் டிரான்சிஸ்டரின் கேட், சோர்ஸ், டிரெய்ன். டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஓடும் கரண்ட்டைக் கேட் வோல்டேஜ் கட்டுப்படுத்தும். (14ஆம் காலை 5 வோல்ட்டில் கட்ட மறக்கக்கூடாது.) 470 ஓம், 10 ஓம் போட்டு 5 வோல்ட்டைப் பிரித்து, டிரெய்னுக்குச் சுமார் 100 மில்லிவோல்ட் கொடுக்கிறோம். கேட்டை 0.2 வோல்ட் படிகளாக ஏற்றி, டிரெய்னுக்குத் தொடரில் வைத்த மீட்டரில் டிரெய்ன் கரண்ட்டைக் குறிக்கிறோம். படியை இதைவிடச் சின்னதாக்கினால், மீட்டரின் கடைசி இலக்கம் துள்ளுவதிலேயே சரிவு கெட்டுவிடும்.

வழக்கமான முறையில், கேட் வோல்டேஜுக்கு எதிராக வரைந்த கரண்ட்டின் சரிவு, அதாவது ஜிஎம், உச்சமாகும் இடத்தில் தொடுகோடு வரைவோம். அது வோல்டேஜ் அச்சை வெட்டும் இடத்திலிருந்து டிரெய்ன் வோல்டேஜில் பாதியைக் கழித்தால் த்ரெஷோல்ட், அதாவது டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் கேட் வோல்டேஜ். சரிவிலிருந்து பீட்டா என்ற ஆதாயக் காரணி. எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதைச் சொல்லும் மொபிலிட்டி அதற்குள்தான் இருக்கிறது.

அவளுக்கு 2 மில்லிஆம்பியர் ரேஞ்சிலிருந்து 200 மைக்ரோஆம்பியருக்கு வந்ததும் உச்சச் சரிவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இன்னொரு மீட்டரால் அந்த மீட்டரையே அளந்தோம். 200 மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் ஏறக்குறைய 1000 ஓம், 2 மில்லிஆம்பியரில் 100. கேட் 5 வோல்ட்டை நெருங்கும்போது, நாம் கொடுத்த 100 மில்லிவோல்ட்டில் 60-க்கு மேல் மீட்டரே விழுங்கிக்கொண்டிருந்தது!

அப்புறம்தான் ஒய் ஃபங்ஷனைச் சொல்லிக்கொடுத்தேன். 1988-இல் பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர் கிபோடோ வெளியிட்ட முறை. கரண்ட்டை ஜிஎம்மின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். தொடரில் உள்ள மின்தடை, கேட் ஏற ஏற மொபிலிட்டி குறைவது, இரண்டும் சேர்ந்து கரண்ட்டின் கீழே ஒரு காரணியாக உட்காருகின்றன. கரண்ட்டை வகையிட்டால் அதே காரணி வர்க்கமாகிறது. வர்க்கமூலம் எடுத்து வகுத்தால் மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது நேர்கோடு: சரிவின் வர்க்கத்தை டிரெய்ன் வோல்டேஜால் வகுத்தால் பீட்டா, வெட்டும் இடத்தில் த்ரெஷோல்ட். பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தும் இந்த இடம் வரும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அவளுடைய இரண்டு அளவீடுகளையும் அப்படிப் போட்டோம். கோடுகள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. த்ரெஷோல்டில் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் மட்டும் நின்றது.

சரி, ஒய்யில் அடிபட்டுப்போன காரணி எங்கே? 1-ஐ ஜிஎம்மின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கேட்டுக்கு எதிராக வரைந்தால் அது இன்னொரு கோடாக வருகிறது. கேட் ஏற ஏற அந்தக் காரணி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் தீட்டா அதில் கிடைக்கும். இரண்டு ரேஞ்சுகளில் கிடைத்த தீட்டாக்களின் வித்தியாசத்தைப் பீட்டாவால் வகுத்தால், கூடுதலாகச் சேர்ந்த மின்தடை. மறுநாள் அவள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். தாளின் அடியில் 870 ஓம் என்று எழுதி, பக்கத்தில் 1000 கழித்தல் 100 என்று எழுதி, இரண்டு முறை வட்டம் போட்டிருந்தாள்.