நன்றிக் கடிதம்: வரைவுக் குறிப்புகள்

ஜூன் 2

முதலில் அடித்து நீக்க வேண்டியது "எல்லாவற்றுக்கும் நன்றி" என்ற வரியை. கை கொடுத்த வழிகாட்டிக்கு, தான் செய்ததில் எது பலித்தது என்பது பெரும்பாலும் தெரியவே வராது. ஆகவே எழுத உட்காருமுன் துண்டுத்தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை: அவர் செய்தது என்ன, அப்போது நிலைமை என்ன, பிறகு எது மாறியது. மூன்றாவதுதான் வழக்கமாகக் காலியாக நிற்கும். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் புகழ்மாலை.

ஜூன் 3

"மிகுந்த ஊக்கம் தந்தீர்கள்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை அப்படி அனுப்ப முடியாது: "ஆய்வேட்டின் இரண்டாம் இயலை முழுக்கத் தூக்கிவிடச் சொன்னீர்கள், சார். அப்போது மனசே வரவில்லை. வாய்மொழித் தேர்வில் துருவிக் கேட்டது, அதற்குப் பதிலாக எழுதிய பகுதியைத்தான். பதில் தயாராக இருந்தது."

அளவு 300 சொல். ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். பட்ட பாட்டை விவரிக்க ஆரம்பித்தால் கடிதம் எழுதியவரைப் பற்றியதாகிவிடும். கிடைத்த பலனைச் சுருக்கமாகச் சொல்லி, அதை அவருடைய கணிப்போடு முடிச்சுப் போட வேண்டும்: எல்லோரும் சரி என்றதை அவர் மட்டும் ஏன் மாற்றச் சொன்னார் என்று.

ஜூன் 5

நாள் கடந்துவிட்டதே என்ற கூச்சம்தான் பல கடிதங்களைக் கிடப்பில் போடுகிறது. உளவியல் ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி எழுதியவர்கள் பெறுபவரின் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் கணித்திருந்தார்கள். எழுதுபவர் நடையைப் பற்றிக் கவலைப்படுகிறார். படிப்பவரோ அன்பைத்தான் பார்க்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காமு தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு நன்றி எழுதியது 1957 நவம்பர் 19இல், நோபல் பரிசு அறிவித்த பிறகு. அந்த வகுப்பை விட்டு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கடிதமும் சின்னதுதான்.

ஜூன் 8

அன்பளிப்பு விஷயத்தில் நிதானம் வேண்டும். மதிப்பெண்ணோ பதவி உயர்வோ இன்னும் அவர் கையில் இருக்கும்போது பொருள் எதுவும் தரக்கூடாது; வாங்கினாலும் மறுத்தாலும் அவருக்குத்தான் தர்மசங்கடம். முடிவு வந்த பிறகும் அவருடைய நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டே தர வேண்டும்.

பொருளைவிட உதவக்கூடியது, அவருடைய மேலதிகாரிக்கு ஒரு பத்தி. வழிகாட்டுவதற்குச் செலவிடும் நேரம் பல இடங்களில் வேலைக் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் அவரைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. பணமாகச் செய்த உதவியை நாலு பேர் முன் போட்டு உடைக்கவே கூடாது. கைமாற்று என்றால் முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடிதம் அந்தக் கடனில் கழியாது.

ஜூன் 9

நன்றியோடு வேண்டுகோளைச் சேர்க்காதே. பின்குறிப்பில்கூட. அதைப் பார்த்ததும் மேலே எழுதிய அத்தனையும் பீடிகையாகிவிடும்.

ஜூன் 12

பரிந்துரைக் கடிதம் தந்தவருக்கு முடிவு தெரிந்த அன்றே சொல்ல வேண்டும், இடம் கிடைக்காவிட்டாலும். தோற்றதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால், காரியம் முடிந்ததும் மறந்துவிட்டதாகத்தான் அவருக்குப் படும். ஆறு மாதம் கழித்து இன்னொரு நாலு வரி: இப்போது என்ன வேலை, அவர் சொன்னதில் எது கைகொடுக்கிறது. கடைசியில் "பதில் எழுத வேண்டியதில்லை" என்று போட்டால் அவருக்கும் சுமையில்லை.

ஆய்வேட்டின் நன்றியுரையில் பெயர், தலைப்பெழுத்து, பதவி மூன்றையும் அவர் கையொப்பமிடும் விதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அச்சுக்குப் போகுமுன்.