பாக்டீரியாவின் எல்லையும் நம் பல்லின் எல்லையும்

ஃபுளோரைடு அயனி எதிர்மின்னூட்டம் கொண்டது. டி.என்.ஏ.வின் செய்தியை நகலெடுக்கும் இழையான ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பும் நெடுக எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும், சேர வழியே இல்லை என்றுதான் வேதியியல் படித்த எவரும் சொல்வார்கள். ஆனால் 2012இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர் குழு, ஃபுளோரைடைப் பற்றிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. பகுதிகள் பாக்டீரியாக்களில் இருப்பதைக் காட்டியது. அணுக்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று காட்டும் படிக அமைப்பு அதே ஆண்டு வெளிவந்து புதிரை அவிழ்த்தது. மூன்று மெக்னீசியம் அயனிகள் ஃபுளோரைடைச் சூழ்ந்து நிற்கின்றன. அந்த மூன்றையும் ஆர்.என்.ஏ. முதுகெலும்பின் ஐந்து பாஸ்பேட்டுகள் உட்புறம் திரும்பிப் பிடித்திருக்கின்றன. உருவில் பெரிய குளோரைடுக்கு அங்கே இடமில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம் அது.

பாக்டீரியா இதை வைத்திருப்பது தன்னைக் காத்துக்கொள்ள. ஃபுளோரைடு உள்ளே ஏறினால் நொதிகள் முடங்கும். அதை வெளியேற்றும் புரதம் உடனே வேண்டும். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, எழுதி முடிந்த முன்பகுதி மடிந்துவிடுகிறது. ஃபுளோரைடு வந்து உட்கார்ந்தால் மடிப்பு குலையாது, எழுத்து தொடரும், வெளியேற்றும் புரதம் உருவாகும். வராவிட்டால் மடிப்பு அவிழ்ந்து, கொண்டை ஊசி வடிவம் ஒன்று உருவாகி எழுத்தை அங்கேயே நிறுத்திவிடும். எழுதும் நொதி அந்த இடத்தைக் கடப்பதற்குள் முடிவு எடுக்கப்பட்டாக வேண்டும்.

இதை, குடிநீரில் ஃபுளோரைடு இருப்பதைக் காட்டும் உணரியாக்கும் வேலையில்தான் என் நாட்கள் கழிகின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் லக்ஸ் குழு 2020இல் இதற்கு வழிகாட்டியது. பாசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் அந்த ஆர்.என்.ஏ. பகுதியை, உடைத்த செல்களின் சாற்றில் இயக்கி, உறையவைத்து உலர்த்தி, கோஸ்டா ரிகாவின் எரிமலைப் பகுதி நீரில் சோதித்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் செய்வதும் இதே வகைதான். விரல் நுனி அளவுக் குழாயின் அடியில் பஞ்சுத் துணுக்குபோல் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். இருபது மைக்ரோலிட்டர் நீரை விட்டால் சட்டென்று கரைந்து காணாமல் போகும். ஃபுளோரைடு இருந்தால், வெளியேற்றும் புரதத்துக்குப் பதிலாக நிறம் தரும் நொதி உருவாகி, கேட்டகால் என்ற பொருளை மாற்றி, மெல்ல மெல்ல மஞ்சளாக்கும்.

இந்தத் துறையில் புதிய உணரி ஒன்று வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, எவ்வளவு குறைந்த அளவைக் காட்டும் என்பதுதான். ஃபுளோரைடைப் பொறுத்தவரை இந்தப் போட்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. சிறிதளவு ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது; மிகுந்தால் பல்லில் கறை படியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தரநிலை 1 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை போகலாம் என்றும் சொல்கிறது. துளி ஃபுளோரைடுக்கும் மஞ்சளாகும் குழாய் வீண் பீதியைத்தான் கிளப்பும். பாக்டீரியா தன் எல்லையை வகுத்துக்கொண்டது தன் பிழைப்புக்காக. நமக்கு வேண்டிய எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அதை இங்கிருந்து அங்கே நகர்த்துவதுதான் உண்மையான உழைப்பு: டி.என்.ஏ.வின் அளவைக் கூட்டிக் குறைப்பது, மெக்னீசியத்தைச் சரிசெய்வது, எத்தனை நிமிடத்தில் நிறத்தைப் பார்ப்பது என்று தீர்மானிப்பது. ஒரே நீர் ஒரு மணி நேரத்தில் நிறமற்றும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மஞ்சளாகவும் தெரியும். பார்க்கும் நேரத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் சொன்னால் அது அளவீடே அல்ல.

தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் வந்தபோது வேலை கடினமானது. கெட்டிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்துவரும் நீரில் பைகார்பனேட்டும் மிகுதி; அது காரத்தன்மையை உயர்த்துகிறது. சில கிணறுகளில் மெக்னீசியமும் கூடுதல், அதுவோ எங்கள் கலவையின் சமநிலையைக் குலைத்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழாய்கள் வைக்கிறோம். ஒன்றில் ஃபுளோரைடு இல்லாவிட்டாலும் நிறம் வரவேண்டும். அது வராவிட்டால் கலவையே இயங்கவில்லை என்று பொருள். அப்போது ஃபுளோரைடைத் தேடும் மற்றொன்று நிறமற்று இருப்பதைப் பார்த்து "நல்ல நீர்" என்று சொல்லிவிட முடியாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் குழாய் நீர் வராத நாளில் கைபம்பை நாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கொதிக்கவைத்தால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கொதித்தால் நீர் வற்றும், ஃபுளோரைடு வற்றாது. ஒரு பாட்டி என் குழாய்களை எட்டிப் பார்த்துவிட்டு, "குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு கண்ணு" என்றார். அவர் பேரனின் முன்பற்களில் காவிக் கறை படிந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு இளமஞ்சள் ஒரு பதிலாகாது. ஒருவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவது இன்னொருவருக்கு வெளிறித் தெரியும். எனவே 1.5க்குக் கீழே நிறமே வராமலும் மேலே சட்டென்று அடர்ந்து வருமாறும் கலவையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். எல்லையை ஒட்டிய நீருக்கு இன்னும், ஃபுளோரைடின் அளவை எண்ணாகவே தரும் மின்முனைக் கருவியைத்தான் நம்புகிறோம். அந்த மாதிரிகளைத் தனியாகக் குறித்து, முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குழந்தைகளுக்குத் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறோம்.