பல்லாரி சாலை ஓரத்து ஈமக்காடு

விடுமுறை கிடைத்தால் கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் குடும்பத்தோடு போய்வரும் பெங்களூர்த் தமிழர்கள் பலரை நான் அறிவேன். அவர்களே விமானத்தைப் பிடிக்கப் பல்லாரி சாலையில் விரையும்போது சிக்கஜாலாவைக் கடந்துதான் செல்கிறார்கள்; இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள, இறந்தோருக்குப் பெரிய கற்களால் நினைவிடம் எழுப்பிய பெருங்கற்கால ஈமக்காடு அங்கே இருப்பது அவர்களில் அநேகருக்குத் தெரியாது.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயிலுக்குக் கோபுரம் உண்டு, கோட்டைக்கு மதில் உண்டு. ஈமக்காட்டில் புதைகுழிமேல் எழுப்பிய கற்குவைக்கோ, பாதி மண்ணில் புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாகச் சூழ, நடுவே சல்லியும் மண்ணும் குவிந்த தாழ்வான மேடு மட்டுமே அடையாளம். நிலத்தைச் சமன்செய்பவருக்கு அது இடைஞ்சல், வீடு கட்டுபவருக்கு அஸ்திவாரக் கல். புதையலுக்காகத் தோண்டுபவருக்குக் கிடைப்பதோ கருப்பு-சிவப்புப் பானைகளும் துருவேறிய இரும்பும் எலும்புத் துண்டுகளும்தான்.

பானை உடைவதைவிடக் கற்கள் இடம் மாறுவதே பெரிய இழப்பு என்பேன். 1947-இல் சித்ரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, பலகைக் கற்கள் ஒன்றையொன்று தாங்கும்படி சுவஸ்திக வடிவில் நிறுத்தப்பட்டிருந்ததும், ஒரு பலகையில் வட்டமான இடுதுளை வெட்டப்பட்டிருந்ததும், பலருடைய எலும்புகள் பிற்பாடு திரட்டி உள்ளே வைக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது, அவை வைத்த இடத்திலேயே இருந்ததால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும். சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அறிவிக்கை செய்யப்பட்ட இடத்துக்கு மட்டுமே. ஈமக்காடு ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும். அறிவிக்கையில் சேராத சர்வே எண்ணில் உள்ள கற்குவைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அறிவிக்கை இருந்தும் என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2013 அறிக்கை, நேரில் ஆய்வு செய்த 1,655 சின்னங்களில் 92 காணவில்லை என்றது. கோபுரம் இல்லாத கற்குவையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

கொப்பள மாவட்டத்து ஹிரேபெணகல்லில் ஏறத்தாழ 400 ஈமச்சின்னங்கள் தப்பியதற்கு, அவை மலைமேல் இருப்பதும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். 2021-இல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்தது. சமவெளியில் அந்த வசதி இல்லை. இங்கே மனை வாங்கும் நம்மவர்கள் காத்தா என்னும் சொத்துவரிப் பதிவையும் பஹணி என்னும் நிலப் பதிவேட்டையும் வரிவரியாகப் படிக்கிறோம். கற்குவை உள்ள சர்வே எண்ணின் பஹணியிலேயே அதை ஒரு வரியாகப் பதிந்துவிட்டால், லேஅவுட்டுக்கு அனுமதி கேட்கும் கட்டத்திலேயே அது வாங்குபவர், விற்பவர், அதிகாரி மூவர் கண்ணிலும் படும்.