பிஎம்பி தேர்வு: முதல் தடவை நான் சறுக்கிய இடம்

பதினோரு வருடம் திட்ட மேலாளராகக் குப்பை கொட்டிவிட்டுத்தான் பிஎம்பி என்கிற திட்ட மேலாளர் சான்றிதழ்த் தேர்வை எழுதப் போனேன். தோற்றுப்போனேன். முடிவு அறிக்கையில் மதிப்பெண் இருக்காது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை மட்டும் போட்டிருப்பார்கள். எனக்கு ‘செயல்முறை’ பகுதியில் இலக்குக்கு மேல். ‘மனிதர்கள்’ பகுதியில் இலக்குக்குக் கீழ். தினமும் பத்துப் பேரோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது உறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

நான் எழுதியது 2021-இல் வந்த பாடத்திட்டத்தின்படி: 180 கேள்விகள், 230 நிமிடம். மனிதர்கள் 42 சதவீதம், செயல்முறை 50, தொழில் சூழல் 8. சில வருடங்களுக்கு ஒருமுறை இதை மாற்றுவார்கள், அதனால் படிக்க உட்காரும் முன், தேர்வை நடத்தும் பிஎம்ஐ அமைப்பின் தளத்தில் அப்போதைய பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, வராத பகுதியில் ஒரு மாதம் செலவழித்தவர்கள் உண்டு.

கணக்குப் பகுதியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் சுலபம். மொத்த பட்ஜெட் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குள் 50-க்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 40-க்கான வேலை, செலவானது 50. முடிந்த வேலையைச் செலவால் வகுத்தால் செலவுக் குறியீடான சிபிஐ 0.8, திட்டமிட்ட வேலையால் வகுத்தால் கால அட்டவணைக் குறியீடான எஸ்பிஐ-யும் 0.8. இதே வேகத்தில் போனால் கடைசியில் 100-ஐ 0.8-ஆல் வகுத்த 125 செலவாகும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் நிலைமை மோசம், அவ்வளவுதான். திட்டம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைத் தொடரான கிரிட்டிக்கல் பாத்துக்கு நாலைந்து வலைப்படங்களைக் கையால் போட்டுப் பழகினால் போதும். எனக்கு வந்த கணக்குக் கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் என்னவோ முதல் தடவை அதற்கே மூன்று வாரம் ஒதுக்கியிருந்தேன். விடை சரியாக வரும்போது கிடைக்கிற சுகம் வேறு எதில் வரும்?

சறுக்கல், ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேட்கும் கேள்விகளில்தான். “திட்ட மேலாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பார்கள். நான்கு விடையும் நியாயமாகவே தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், அலுவலகத்தில் வழக்கமாகச் செய்வதைத் தேர்ந்தெடுத்தேன். தீ பிடித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் நான். அந்தத் தேர்வோ, முதலில் எங்கே எரிகிறது என்று பார்த்தாயா என்று கேட்கிறது.

நானே எழுதிப் பழகிய ஒரு மாதிரிக் கேள்வி இது. குழுவில் இருவருக்கு வடிவமைப்பு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை, வேலை தாமதமாகிறது. மேலதிகாரியிடம் கொண்டுபோவதா, ஒருவரை மாற்றுவதா, நீங்களே முடிவெடுத்து அறிவிப்பதா, இருவரையும் உட்காரவைத்துப் பேசுவதா? நேரம் நெருக்குகிறதே என்று நான் மூன்றாவதைப் போட்டிருப்பேன். தேர்வு எதிர்பார்ப்பது நான்காவதை. மேலே கொண்டுபோவது கிட்டத்தட்ட எப்போதுமே கடைசி வழி. உங்கள் அதிகாரத்துக்குள் முடிகிற விஷயத்தை மேலே தள்ளும் விடை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடலாம்.

இன்னொன்று. வாடிக்கையாளர் நேராக டெவலப்பரிடம் போய் “சின்ன மாற்றம்தான்” என்கிறார். முடியாது என்பதும் தப்பு, சரி என்று செய்துகொடுப்பதும் தப்பு. கேள்வி வழக்கமான, முன்கூட்டியே திட்டமிட்ட முறையைப் பற்றியது என்றால் முதலில் அதன் பாதிப்பை அலச வேண்டும், பிறகு மாற்றக் கோரிக்கையாக முறைப்படி போக வேண்டும். சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்து, போகப்போகத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் அஜைல் குழு என்றால், எது முதலில் என்று முடிவெடுக்கும் புராடக்ட் ஓனரிடம் அது போகும். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகில் எந்த இடம் என்று அவர்தான் சொல்வார். ஒரே சம்பவம், இரண்டு விடை. அதனால் கேள்வியின் முதல் வரியிலேயே எந்த முறை என்று கண்டுபிடித்துவிடுங்கள். அஜைலின் குறுகிய வேலைச் சுற்றைக் குறிக்கும் ‘ஸ்பிரிண்ட்’ என்ற ஒற்றைச் சொல் விடையையே மாற்றிவிடும். நான் எழுதிய பாடத்திட்டத்தில் பாதிக் கேள்விகள் அஜைலும், இரண்டும் கலந்த முறையும் என்பதால் இதில் அசட்டையாக இருக்க முடியாது.

ஆள் சேர்க்கிற கேள்வியிலும் இரண்டு முறை மாட்டினேன். தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதம் இன்னும் கூடும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே சொல்லிவிட்டார். காரணத்தைக் கணக்கே காட்டுகிறது: ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் தடங்கள் 10; பத்துப் பேர் ஆனால் 45. அதோடு, ஒரு குழு உருவாகும் விதத்தை உளவியலாளர் டக்மன் 1965-இல் பிரித்த கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுகூடல், உரசல், இணக்கம், செயல் என்று ஏறிவந்த குழு, புது ஆள் நுழைந்ததும் மறுபடி உரசலுக்கு இறங்கலாம். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்திருந்தேன். நன்றாக ஓடிய குழுவில் திடீரென்று சண்டை, போன வாரம் இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று கதையாக வந்தபோது அடையாளமே தெரியவில்லை.

தொழில் சூழல் பகுதி அப்போது 8 சதவீதம்தான். ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதுதான். நேரம் சரி, செலவு சரி, தரம் சரி. திட்டம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்தத் தேவையே இப்போது இல்லை. என்ன செய்வீர்கள்? தொடங்கியதை முடித்துக் கொடுப்பதே திறமை என்று வளர்ந்தவனுக்கு, வணிக நியாயத்தை மறுபடி சரிபார்த்து, தேவைப்பட்டால் நிறுத்தலாம் என்று திட்டத்துக்குப் பணம் தரும் ஸ்பான்சரிடம் சொல்வதும் மேலாளரின் வேலை என்பது கசப்பாகவே இருந்தது.

இரண்டாம் தடவை புதுப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. ஒரு நோட்டு போட்டேன். மாதிரித் தேர்வில் தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி: நான் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், சரியான விடை ஏன் அதற்கு முன் வருகிறது, கேள்வியில் எந்தச் சொல்லைத் தவறவிட்டேன். ஊகத்தில் சரியாக அடித்தவற்றையும் தப்புக் கணக்கில்தான் எழுதினேன். நாற்பது பக்கம் போனதும் என் வியாதி தெரிந்துவிட்டது. பாதிக்கு மேல் “விசாரிக்காமல் செயலில் இறங்கினேன்” என்ற ஒரே காரணம்.

விண்ணப்பம் பற்றிச் சுருக்கமாக: பட்டதாரிக்கு 36 மாதத் திட்ட அனுபவம், 35 மணிநேரப் பயிற்சி. சிலருடைய விண்ணப்பத்தைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், எனவே பழைய மேலாளர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

நான் எழுதிய பாடத்திட்டத்தின் நேரக் கணக்கு: ஒரு கேள்விக்குச் சுமார் 77 விநாடி. அறுபது கேள்விகளுக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை, ஆக இரண்டு. இடைவேளைக்குப் போய்விட்டால் அதற்கு முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. குறியிட்டு வைத்ததை எல்லாம் முடித்துவிட்டு எழுந்திருங்கள். முதல் தடவை நான் இடைவேளையே எடுக்கவில்லை, நேரம் மிச்சமாகும் என்று நினைப்பு. அந்தப் பத்து நிமிடம் 230-இல் சேராது. கடைசி அறுபது கேள்விகளில் ஒரே வரியை மூன்று தடவை வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை இரண்டு இடைவேளையும் எடுத்தேன், முகம் கழுவினேன், பதினொரு நிமிடம் மீதியிருக்கும்போது முடித்தேன்.